சுடுகாட்டுப் பூவும் சோதனைச் சாலையும்

"அந்தப் பூவையா வாசலில் வளர்ப்பது? பிடுங்கி எறி!" என்கிறது ஒரு வீடு.

"அந்தப் பூவையா பிடுங்குவது? பூசைக்கு உகந்த பூவல்லவா!" என்கிறது அடுத்த வீடு.

இரு வீட்டாரும் பேசுவது ஒரே பூவைப் பற்றித்தான்.

ஐந்தே இதழ். சில செடியில் இளஞ்சிவப்பு. சில செடியில் பால் வெள்ளை. வெள்ளையிலும் சிலவற்றுக்கு நடுவே சிவந்த கண். வேலியோரம், இரயிலடிச் சரளை, ஓட்டு வீட்டுத் திண்ணையடி, கல்லறைப் பிளவு — எங்கு விதை விழுந்ததோ அங்கு முளைக்கும். ஆடு கடிக்காது, அத்தனை கசப்பு. நீர் வார்க்க ஆளில்லையென்று வாடாது. ஆண்டு முழுவதும் பூக்கும்.

எந்நாளும் பூக்கக் கண்டவர்கள் அதற்கு 'நித்தியகல்யாணி' என்று பெயரிட்டனர். இடுகாட்டில் பூக்கக் கண்டவர்கள் 'சுடுகாட்டு மல்லி' என்றனர். ஒரு பெயரிலே மங்கலம். மறு பெயரிலே அமங்கலம். செடிக்கோ இரண்டும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை மண்ணும் நீரும் வெயிலும்தான். மங்கலத்தையும் அமங்கலத்தையும் அதன் தலையில் ஏற்றியவர்கள் நாம்.

பெயரை ஏற்றியதோடு நின்றோமா? இல்லை. நோய் தீர்க்கும் பொறுப்பையும் ஏற்றினோம். அந்தப் பொறுப்பின் வரலாற்றைத்தான் இக்கட்டுரையிலே சொல்ல விழைகிறேன்.

ஒரு மாணவன், ஒரு பாட்டி

என் வகுப்பிலே இரண்டாம் வரிசையில் அமரும் மாணவன் ஒருவன், ஒரு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. மாலையில் அவன் வீட்டைத் தேடிச் சென்றேன். தாயும் தந்தையும் வேலை தேடி வெளியூர் சென்றுவிட்டார்கள். பையனை வளர்ப்பவர் பாட்டி. காலையில் இட்லி சுட்டு விற்று வாழ்பவர். அந்தப் பாட்டி மருத்துவமனையில் இருந்தார். பையன் மட்டும் வாசலில் நின்று, ஓட்டை வாளிகளிலும் உடைந்த குடங்களிலும் வளர்ந்திருந்த நித்தியகல்யாணிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொண்டிருந்தான்.

பாட்டிக்கு நெடுநாளாக நீரிழிவு. அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கி உண்டு வந்தார். எவரோ சொன்னார்களாம்: "மாத்திரையெல்லாம் விஷம். இந்தப் பூவைப் பறித்துக் கொதிக்க வைத்துக் காலையிலே வெறும் வயிற்றில் குடி. சர்க்கரை ஓடிப் போகும். மூலிகைதானே, கெடுதல் ஒன்றும் இல்லை." பாட்டி நம்பினார். மாத்திரையை நிறுத்தினார். ஐந்து மாதம் கசாயம் குடித்தார். காலில் ஒரு முள் குத்தியது. புண் ஆறவில்லை. இறுதியில் இரண்டு கால்விரல்களை எடுத்த பிறகே உயிருக்கு ஆபத்து நீங்கிற்று.

"இன்னும் ஏனப்பா இதற்குத் தண்ணீர் ஊற்றுகிறாய்?" என்று கேட்டேன்.

"பாட்டி வந்ததும் குடிக்கணும்ல சார்?" என்றான்.

எனக்கு விடை தெரியவில்லை. "மூடநம்பிக்கை" என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அது விடையாகாது. மாத்திரை உண்மை, பூ பொய் என்று நான் எதைக்கொண்டு சொல்வேன்? அதுவும் எவரோ சொல்லி நான் நம்பியதுதானே! நான் கலைப் பட்டம் பெற்றவன். வேதியியல் கற்றவன் அல்லன். ஆனால் வரலாற்றைத் தேடிப் படிக்கக் கற்றிருக்கிறேன். தேடினேன். கிடைத்த வரலாறு, நான் எதிர்பார்த்ததைவிட வியப்பானது.

கப்பலேறி வந்த பூ

"நம் முன்னோர் காலங்காலமாகக் கண்டறிந்த மூலிகை" — இப்பூவைப் பற்றிப் பேசுவோர் முதலில் சொல்லும் சொல் இதுதான். முதற் சொல்லே பிழை.

சங்கப் பாட்டான குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் 99 மலர்களின் பெயர்களை அடுக்கிச் சொல்கிறார். அந்த 99-இல் இந்தப் பூ இல்லை. இருக்கவும் முடியாது. ஏனெனில் இதன் தாயகம், ஆப்பிரிக்காவின் கிழக்கே இந்தியப் பெருங்கடலிலே கிடக்கும் மடகாஸ்கர்த் தீவு. அத்தீவிலே பிரெஞ்சுக்காரர் அமைத்த குடியேற்றத்தின் ஆளுநர் பிளாக்கூர், 1658-இல் வெளியிட்ட நூலிலே இச்செடியைக் குறித்திருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டிலே இதன் விதை பாரிசு நகரத்து அரசர் தோட்டத்தை அடைந்தது. அங்கிருந்து இலண்டன் மாநகரின் செல்சி மூலிகைத் தோட்டத்துக்குப் போயிற்று. அதன் காவலர் பிலிப் மில்லர் வளர்த்தார். 1759-இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் இதற்கு 'விங்கா ரோசியா' என்று பெயர் வைத்தார். பிறகு ஜார்ஜ் டான் என்ற தாவரவியலார் இதை வேறு இனத்தில் சேர்த்தார். இன்று அறிவியல் உலகம் வழங்கும் பெயர் 'கேதராந்தஸ் ரோசியஸ்'.

அழகுக்காகத் தோட்டத்திலே வளர்க்கப்பட்ட செடி, வணிகக் கப்பல்களின் வழியே வெப்ப நாடுகளெங்கும் இறங்கிற்று. இறங்கிய இடத்திலெல்லாம் தோட்டத்து வேலியைத் தாண்டியது, தெருவுக்கு வந்தது, தெருவோரத்து மக்களின் செடியாயிற்று. மேற்கிந்தியத் தீவுகளில் வளர்ந்தது, பிலிப்பைன்ஸில் வளர்ந்தது, தென்னாப்பிரிக்காவில் வளர்ந்தது, நம் நாட்டிலும் வளர்ந்தது. தோழர்களே, "தொன்று தொட்டு" என்று நாம் சொல்வனவற்றில் எத்தனை இப்படிக் கப்பலேறி வந்தவை! மிளகாய் வந்தது; நிலக்கடலை வந்தது; சுடுகாட்டு மல்லியும் வந்தது. வந்ததில் இழிவு ஒன்றுமில்லை. வந்ததை மறந்துவிட்டு வேதகாலத்து வேர் என்று பேசுவதுதான் இழிவு.

ஏழையின் மருந்து

செடி சென்ற இடத்திலெல்லாம் அதற்கு ஒரு மருத்துவப் பயனும் பிறந்தது. நம் நாட்டிலே குளவி கொட்டிய இடத்தில் இதன் இலைச்சாற்றைத் தடவினர். வேறு சில நாடுகளில் பூ ஊறிய நீரால் கண்ணைக் கழுவினர். பல நாடுகளிலும் பொதுவாக நிலவிய பயன் ஒன்று உண்டு — இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் நீரிழிவு தணியும் என்பது. மேற்கிந்தியத் தீவான ஜமைக்காவிலே இதைத் தேநீர்போல் காய்ச்சிக் குடித்தனர்.

ஏன் இந்த நம்பிக்கை இவ்வளவு ஆழமாக வேரூன்றியது? மக்கள் மடையர்கள் என்பதாலா? அன்று. 1922-க்கு முன்பு, இளம் வயதில் வரும் நீரிழிவு என்றால் சாவுதான். மருத்துவர் கையிலும் மருந்து இல்லை. பட்டினி போட்டுச் சில மாதம் நாளைக் கடத்துவார்கள், அவ்வளவே. 1922-க்குப் பிறகு இன்சுலின் வந்தது. ஆனால் ஊசி வேண்டும், மருத்துவர் வேண்டும், நாள்தோறும் காசு வேண்டும். கரும்புத் தோட்டத்திலே கூலிக்கு உழைப்பவனுக்கு அவை ஏது? வேலியோரத்துச் செடிக்குக் காசு வேண்டியதில்லை. கைக்கெட்டாத மருந்துக்கு மாற்றாகக் கைக்கெட்டிய செடியைப் பற்றிக்கொண்டான். அந்தப் பிடிப்பின் பெயர் மடமையன்று, வறுமை. இட்லி விற்கும் நம் பாட்டியும் அதே பிடிப்பைத்தான் பிடித்தார்.

எனவே, எள்ளி நகையாடுவது பகுத்தறிவன்று. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அந்தச் சாறு சர்க்கரையைக் குறைக்கிறதா, இல்லையா? இரு நூற்றாண்டுக் காலம் குடித்தார்கள். கேள்வியை முறையாகக் கேட்டவர் அரியர். கேட்டவர்களின் கதைக்கு வருவோம்.

உறையில் வந்த இலைகள்

1921-ஆம் ஆண்டுக் கோடை. கனடாவின் டொராண்டோ பல்கலைக் கழகத்திலே பேண்டிங் என்ற இளம் மருத்துவர் நீரிழிவு ஆராய்ச்சி தொடங்குகிறார். அவருக்கு உதவிக்கு ஒரு மாணவர் வேண்டும். இருவர் இருந்தனர்: சார்லஸ் பெஸ்ட், கிளார்க் நோபிள். யார் முதலில் செல்வது? நாணயத்தைச் சுண்டினார்கள். பெஸ்ட் வென்றார். பேண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைக் கண்டனர். காலிப் என்ற வேதியியலார் அதை மனிதருக்குச் செலுத்தத் தக்கவாறு தூய்மை செய்தார். 1922 ஜனவரியில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு ஊசி போடப்பட்டது. சாவின் வாயிலிருந்து அவன் மீண்டான். பேண்டிங், பெஸ்ட் என்ற பெயர்கள் உலகப் புகழ் பெற்றன. நாணயத்தில் தோற்ற கிளார்க் நோபிளோ மருத்துவராகத் தொழில் புரிந்து வாழ்ந்தார்.

முப்பது ஆண்டுகள் கழிந்தன. 1952-இல் கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவிலிருந்து அஞ்சலிலே ஓர் உறை வந்தது. பிரித்தார்; உள்ளே உலர்ந்த இலைகள். 'இங்குள்ள மக்கள் இன்சுலின் கிடைக்காதபோது இந்த இலையைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள்' என்பது செய்தி. நித்தியகல்யாணியின் இலைகள் அவை!

கிளார்க் நோபிளுக்கு ஒரு தம்பி; பெயர் இராபர்ட் நோபிள். ஒண்டாரியோ மாநிலத்திலே, இங்கிலாந்தின் தலைநகர்ப் பெயரையே தாங்கிய இலண்டன் என்ற நகரிலே, ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் பணிபுரிந்தார். அக்கூடம் யார் பெயரால் அமைந்தது தெரியுமா? இன்சுலினைத் தூய்மை செய்த அதே காலிப்பின் பெயரால்! அண்ணன் உறையைத் தம்பிக்கு அனுப்பினார்.

இங்கேதான் நாம் நின்று கவனிக்க வேண்டும். இராபர்ட் நோபிள் என்ன செய்திருக்கலாம்? 'தீவு மக்களின் பிதற்றல்' என்று உறையைக் குப்பைக் கூடையில் எறிந்திருக்கலாம். வெள்ளையரின் ஆட்சிக் காலத்திலே அப்படி எறிந்தவர்கள் ஆயிரம் பேர். அல்லது, 'பல்லாயிரம் மக்கள் நம்புகிறார்கள்; பொய்யாகுமா?' என்று புட்டியில் அடைத்து விற்றிருக்கலாம். அப்படி விற்றவர்களும் உண்டு. அவர் இரண்டும் செய்யவில்லை. இலையைக் காய்ச்சினார், சோதனை விலங்குகளுக்கு ஊட்டினார், இரத்தத்தில் சர்க்கரையை அளந்தார்.

சர்க்கரை குறையவில்லை!

சாற்றை ஊசி வழியே செலுத்திப் பார்த்தார். அப்போதும் சர்க்கரை இறங்கவில்லை. ஆனால் எலிகள் சில நாட்களிலே நோய்ப்பட்டுச் செத்தன. 'சோதனை தோற்றது, செடியை விடு' என்று நோட்டை மூடியிருந்தால் வரலாறு அத்தோடு முடிந்திருக்கும். அவர் கேட்டார்: "எலி ஏன் செத்தது?" அறுத்துப் பார்த்தார். உடலெங்கும் சீழ்க்கட்டிகள். சாதாரணமாக உடல் எதிர்த்து விரட்டும் கிருமிகள், எதிர்ப்பாரின்றிப் பெருகியிருந்தன. எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள் எங்கே? இரத்தத்தை நோக்கினார், வெள்ளணுக்களின் எண்ணிக்கை வீழ்ந்திருந்தது. அவை பிறக்கும் எலும்பு மஜ்ஜையே ஒடுங்கியிருந்தது.

இந்தச் சாறு வெள்ளணுவைக் குறைக்கிறது. நலமுள்ள எலிக்கு அது சாவு. ஆனால் வெள்ளணு கட்டுக்கடங்காமல் பெருகுவதே நோயாகிய ஒருவனுக்கு? ஆம், இரத்தப் புற்றுநோய்! ஒருவனுக்கு நஞ்சானது மற்றொருவனுக்கு மருந்தாகுமோ?

1954-இல் இங்கிலாந்திலிருந்து சார்லஸ் பீர் என்ற வேதியியலார் வந்து சேர்ந்தார். இச்செடியிலே நூற்றுக்கு மேற்பட்ட காரப்பொருள்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றில் எது வெள்ளணுவைத் தாக்குவது? சாற்றைப் பிரித்தும் வடித்தும் சோதித்தும், ஒரு பொருளைப் படிகமாக எடுத்தார். அதுதான் பிற்காலத்திலே 'வின்பிளாஸ்டின்' எனப் பெயர் பெற்றது. 1958-இல் நியூயார்க் அறிவியல் கழகத்துக் கூட்டத்திலே நோபிளும் பீரும் தம் முடிவை வெளியிட்டனர். அதே காலத்தில், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்து எலை லில்லி நிறுவனத்திலே கோர்டன் சுவோபோடா என்பவரும் இதே செடியை ஆராய்ந்து வந்தார். அவரைச் செடியின்பால் ஈர்த்ததும் நீரிழிவுக் கசாயக் கதையே. அங்கே இரத்தப் புற்றுநோய் கொண்ட சுண்டெலிகளுக்குச் சாற்றைக் கொடுத்தனர்; அவை கூடுதல் நாட்கள் வாழ்ந்தன. அங்கிருந்து 'வின்கிரிஸ்டின்' என்ற இரண்டாவது மருந்து பிறந்தது. வின்பிளாஸ்டின் 1961-இலும் வின்கிரிஸ்டின் 1963-இலும் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றன.

உயிரணு இரண்டாகப் பிரியும்போது, உள்ளே நுண்ணிய இழைகள் உருவாகி, மரபுப் பொருளை இரு பக்கமும் இழுத்துப் பங்கிடுகின்றன. இம்மருந்துகள் அந்த இழை உருவாகாமல் தடுக்கின்றன. பங்கீடு நின்றுபோன அணு மடிகிறது. விரைந்து பெருகும் புற்று அணுவே முதலில் அடிபடுகிறது. மந்திரமும் அன்று, மாயமும் அன்று; செயல் இது.

1950-களின் தொடக்கத்திலே, ஒரு குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னால், பெற்றோர் சில மாதங்களை எண்ணத் தொடங்குவார்கள். 1960-களில் அமெரிக்க மருத்துவர்கள் வின்கிரிஸ்டினோடு வேறு மூன்று மருந்துகளையும் சேர்த்து ஒரே நேரத்தில் கொடுத்துப் பார்த்தனர். வழி திறந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகச் செம்மை செய்யப்பட்ட அத்தகைய கூட்டு மருத்துவத்தால், வளர்ந்த நாடுகளில் இந்நோய் கண்ட குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேரளவில் இன்று பிழைக்கிறார்கள். நம் சென்னை அடையாற்றிலே, மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை நிலையமாக மாற்றியவர் அவர். திறந்த நாளிலே இந்த இரு மருந்துகளும் உலகில் இல்லை. இன்று புற்றுநோய் மருத்துவம் செய்யும் இடமெங்கும் அவை உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் உண்டு.

வாசலில் வைக்காதே என்று பிடுங்கி எறிந்த சுடுகாட்டுப் பூ, குழந்தைகளைச் சுடுகாட்டிலிருந்து மீட்டது!

இரு கட்சியாரும் தோற்றனர்

இவ்வரலாற்றைக் கேட்டதும் ஒரு சாரார் துள்ளிக் குதிப்பார்கள்: "பார்த்தீர்களா! பாட்டி வைத்தியம் வென்றது!" நில்லுங்கள். பாட்டி சொன்னது நீரிழிவுக்கு. விஞ்ஞானி கண்டது புற்றுநோய்க்கு. எந்தப் பாட்டியும் புற்றுநோயைச் சொல்லவில்லை.

மற்றொரு சாரார் நகைப்பார்கள்: "அப்படியானால் பாமரர் சொன்னது வெறும் உளறல்தானே!" நீங்களும் நில்லுங்கள். அந்தப் 'பாமரர்' செடியைச் சுட்டிக் காட்டாதிருந்தால், அந்த உறை வந்திராது; எலியும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை, மருந்தும் இல்லை. செடியிலே வலிமை ஏதோ இருக்கிறது என்று உணர்ந்தவர்கள் அவர்கள். என்ன வலிமை, எவ்வளவு, எதற்கு என்று அளக்கும் கருவிதான் அவர்களிடம் இல்லை.

வென்றது யார்? சோதனை. "நீ சொன்னதை நான் மறுக்கவில்லை, ஏற்கவும் இல்லை, அளந்து பார்க்கிறேன்" என்று சொன்ன அந்த நெஞ்சம். எதிர்பார்த்தது கிட்டாதபோதும், கிட்டியதைக் கூர்ந்து நோக்கிய அந்தக் கண்.

நேர்மையாக மற்றொன்றும் சொல்ல வேண்டும். பிற்காலத்திலே விலங்குகளின்மீது நடந்த சில ஆய்வுகளில், இலைச்சாறு சர்க்கரையைக் குறைத்ததாக முடிவு வந்திருக்கிறது. வரட்டும், ஆராயட்டும். சோதனையின் கதவு சாத்தப்படுவதேயில்லை. ஆனால் மாத்திரையையும் இன்சுலினையும் விட்டுவிட்டு இக்கசாயத்தைக் குடித்தால் போதும் என்று மனிதரிடம் நிலைநாட்டிய சோதனை எதுவும் இல்லை. நிலைநாட்டப்படும் வரையில் அது நம்பிக்கை, மருந்தன்று.

"புற்றுநோய்க்காவது குடிக்கலாமே?" என்பாரும் உண்டு. கணக்குப் போடுவோம். 1 கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். 1 கிராம் வின்கிரிஸ்டினுக்கோ ஏறத்தாழ 2,000 கிலோ. வளர்ந்த ஒருவருக்கு ஒரு முறை ஏற்றும் வின்கிரிஸ்டின் பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. அந்த 2 மில்லிகிராமுக்கு 4 கிலோ உலர்ந்த இலை! அதையும் வாய்வழி கொடுப்பதில்லை. இரத்தக் குழாயில் மட்டுமே செலுத்துவர். அளவு மிஞ்சினால் நரம்பு கெடும். கை கால் மரக்கும். தவறிப்போய் முதுகுத் தண்டின் நீரிலே செலுத்திவிட்டால் உயிரே போகும். வின்பிளாஸ்டினோ வெள்ளணுவை வீழ்த்தும்; அதனால் மருத்துவர் இரத்தத்தைச் சோதித்துச் சோதித்தே மறுமுறை தருவார்.

இத்தனை கூர்மையான பொருள்களையும், அவற்றோடு வேறு நூறு பொருள்களையும் ஒரே குவளையில் கரைத்து, அளவு தெரியாமல், நாள்தோறும் வெறும் வயிற்றில் குடிப்பதற்குப் பெயர் கைமருந்தா? "மூலிகைதானே, கெடுதல் இல்லை" என்ற சொல்லைப்போல் கெடுதல் செய்த சொல் வேறில்லை. மூலிகையில் வலிமை இருந்தால் கெடுதலும் இருக்கும். கெடுதலே இல்லையென்றால் அதில் வலிமையும் இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும்.

வளர்த்தவர் யார்? வாழ்ந்தவர் யார்?

பூவின் பெருமையைப் பேசுவோர், அதை விளைத்தவரின் கையைப் பார்ப்பதில்லை. நம் திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம் சீமைகளின் மானாவாரி நிலங்களிலே இச்செடி பயிராகிறது. வேறு பயிர் கருகும் நிலத்தில் இது நிற்கும். வேர் அழுகும்படி நீர் தேங்குவதைத்தான் தாங்காது. விதைத்த ஆறாம் மாதம் ஒருமுறை, ஒன்பதாம் மாதம் ஒருமுறை இலையை உருவுவார்கள். ஓராண்டில் வேரோடு தோண்டுவார்கள். வேரிலே 'அஜ்மலிசின்' என்ற வேறொரு மருந்துப் பொருள் இருக்கிறது. இலையும் வேரும் உலர்ந்து மூட்டையாகிக் கடல் கடந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றிருக்கின்றன. வெயிலிலே இலை உருவியவன் பெற்றது மூட்டைக் கணக்கில் கூலி. மருந்து விலையோ மில்லிகிராம் கணக்கில்!

தாயகமாகிய மடகாஸ்கரின் நிலையும் இதுவே. உலகுக்கு உயிர் காக்கும் செடியைத் தந்த அத்தீவு, இன்றும் உலகின் மிக ஏழை நாடுகளுள் ஒன்று. செடிக்குப் பிறந்த மண்ணும் பயனைச் சுட்டிய மக்களும் பங்கு பெறாமல் போவது முறைதானா என்று உலக அரங்கிலே கேள்வி எழுந்தபோது, எடுத்துக்காட்டாக அடிக்கடி நின்றது இந்தப் பூதான்.

இன்று அறிவியல் இன்னொரு படி ஏறியிருக்கிறது. 2022-இல் டென்மார்க்கு நாட்டு ஆய்வாளர்கள், வின்பிளாஸ்டினுக்கு மூலமான இரு பொருள்களை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரிலேயே விளைவித்துக் காட்டினர். 2019-இல் அமெரிக்காவிலேயே வின்கிரிஸ்டினுக்குத் தட்டுப்பாடு வந்து குழந்தைகளின் மருத்துவம் தடுமாறியதை எண்ணினால், இது வரவேற்கத் தக்கதே. ஆனால் அந்த நாள் முழுமையாக வரும்போது, இலை உருவிய கைகளுக்கு வேறு என்ன வழி என்பதையும் சேர்த்து எண்ணுவதுதான் மாந்த நேயம்.

வாளியில் இருக்கட்டும்

பாட்டி வீடு திரும்பினார். மீண்டும் ஒரு மாலை அங்குச் சென்றேன். கட்டுப் போட்ட காலை நீட்டித் திண்ணையில் அமர்ந்திருந்தார். உறையில் வந்த இலையின் கதையைப் பேரனிடம் சொன்னேன். பாட்டியும் கேட்டுக் கொண்டிருந்தார். செத்த எலியை ஏன் செத்தது என்று கேட்டவரைப் பற்றிச் சொன்னபோது பையன் கண் விரிந்தது.

"அப்ப பாட்டிக்குச் சொன்னவங்க சொன்னது பொய்யா சார்?" என்றான்.

"சோதிக்காமல் சொன்னார்கள், தம்பி. சோதிக்காமல் நாமும் கேட்டுக்கொண்டோம்" என்றேன்.

பாட்டி மெல்லச் சொன்னார்: "மாத்திரை வாங்கப் போனா ஒரு நாள் பொழப்புப் போகுது அய்யா. வாசல்லே இருக்குற பூவுக்கு வரிசை நிக்க வேண்டாம் பாருங்க."

அந்தச் சொல் என்னைச் சுட்டது. நான் படித்த வரலாறு முழுவதும் அவருடைய ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. பொய்யை மறுப்பது பாதி வேலைதான். மருந்து அவர் வாசலுக்கு வருமாறு செய்வது மறுபாதி. இப்போது ஒவ்வொரு திங்களும் மாத்திரை வாங்க நானோ என் வகுப்பு மாணவர் ஒருவரோ வரிசையில் நிற்கிறோம்; பாட்டியின் இட்லிக் கடை மூடுவதில்லை. தெருவுக்கு ஒரு பாட்டி இருப்பார். படித்த இளைஞரும் தெருவுக்கு ஒருவரேனும் இருக்கத்தானே செய்கிறார்கள்?

செடிகளைப் பிடுங்கி எறியட்டுமா என்று பையன் கேட்டான். வேண்டாம் என்றேன். குற்றம் செய்தது அதுவன்று. ஓட்டை வாளியிலேயே அது இருக்கட்டும். கிள்ளிக் காய்ச்ச வேண்டாம், கண்ணால் பார்க்கட்டும். யாரேனும் வந்து, "இது சர்க்கரைக்கு நல்லது" என்று சொன்னால், "அளந்து பார்த்தவர் யார்?" என்று அந்தப் பையன் கேட்பான்.

சென்ற வாரம் வகுப்பிலே நான் பாடத்தில் ஓர் ஆண்டைச் சொன்னேன். இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"அது எப்படித் தெரியும் சார்?"